தின்னரைத் தொடாதீர்கள்: ஜீப் பின் கண்ணாடி பற்றி ஒரு தையற்காரியின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் போடிநாயக்கனூரில் வீட்டுத் திண்ணையில் மிஷின் போட்டுத் தைக்கிறவள். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூடச் சீருடை, ஓரம் அடிப்பது, ஜிப் மாற்றுவது என்று 22 வருடமாக இதுதான் என் பிழைப்பு. வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். தங்கள் நாளிதழ் எங்கள் வீட்டுக்கு வருவது அவருக்காக. ஞாயிறு இணைப்பு மட்டும் எனக்கு.

சென்ற மாதம் அந்த இணைப்பின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில் நாலு வரி வந்திருந்தது. ஜீப், ஆட்டோ இவற்றின் பின்பக்கப் பிளாஸ்டிக் கண்ணாடி மங்கிப்போனால், பெயின்ட் கரைக்கிற தின்னர் தொட்டு ஒரு தடவை துடைத்துவிட்டு, பற்பசை போட்டுத் தேய்த்தால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்று. அதை நம்பியதால் என்ன ஆனது, பிறகு வீட்டிலேயே அதை எப்படிச் சரிசெய்தேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நாலு வரிக்கு இவ்வளவு நீளமாகவா பதில் என்று கோபிக்க வேண்டாம். அதைப் படித்துவிட்டு இந்நேரம் எத்தனை பேர் தின்னர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருக்கிறார்களோ.

எங்கள் ஜீப் 1995 மாடல் மஹிந்திரா. மாமனார் வாங்கியது. இரும்புக் கம்பிச் சட்டத்தின் மேல் போர்த்திய படுதாத் துணி டாப். கோடையில் பக்கத் துணிகளைக் கழற்றி உள்ளே போட்டுவிடலாம். பின்பக்கத் திரையைச் சுருட்டி மேலே வாரில் மாட்டிவிடலாம். அந்தப் பின் திரையின் நடுவில் 26 அங்குல அகலம், 13 அங்குல உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சன்னல். பேச்சுக்குக் கண்ணாடி என்கிறோம். நிஜக் கண்ணாடியாக இருந்தால் சுருட்ட முடியுமா?

அந்தக் குறிப்பு வந்த ஞாயிறு மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் பேப்பரோடு உட்கார்ந்த என் வீட்டுக்காரர், "இந்தா பாரு, நம்ம வண்டிய நேர்ல பாத்து எழுதின மாதிரியே போட்டிருக்கான்" என்று எழுந்தார். கேட்டுக்கு பெயின்ட் அடித்தபோது மிஞ்சிய தின்னர் அரை பாட்டில் படிக்கட்டுக்கு அடியில் கிடந்தது. பழைய பனியன் துணியை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தார். ஈரமாக இருக்கிற வரைக்கும் கண்ணாடி அப்படிப் பளிச்சென்று இருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் பார்த்து, பரவாயில்லையே என்றுதான் சொன்னேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

காயக் காயத்தான் வேடிக்கை. காய்ச்சிய பால் ஆறும்போது மேலே ஆடை கட்டிச் சுருங்குமே, அப்படி ஒரு சுருக்கம் ஓடியது. அப்புறம் வெளுத்தது. பனியன் துணியின் நூல் பிசிறு அங்கங்கே ஒட்டிக்கொண்டு, நகத்தால் கிள்ளினாலும் வரவில்லை. மனுசன் விடவில்லை. குறிப்பில் அடுத்தது பற்பசைதானே என்று பாதி டியூப்பைப் பிதுக்கித் தேய்த்தார். பசை தையல் ஓட்டைகளுக்குள் போய் அடைந்துகொண்டு, வண்டி முழுக்கப் புதினா வாசனைதான் மிச்சம்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குத் தோட்டத்துப் பெண்கள் ஏறும்போது, "ஏண்ணே, பின்னாடி வேட்டியக் கிழிச்சுக் கட்டிட்டியா?" என்று ஒரு அக்கா கேட்டுவிட்டாராம். சாயங்காலம் வந்து சொல்லி, சிரிக்கவும் முடியாமல் கோபப்படவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

சிரிப்பு ஒரு பக்கம். எங்கள் ஊர் ஜீப்புகளுக்குப் பின் கண்ணாடி அழகுக்கு இல்லை. இங்கிருந்து மலைமேல் இருக்கிற போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோகிற வண்டிகள் இவை. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிறவன் ஒதுங்கி நிற்க வேண்டும், இடம் இல்லையென்றால் வந்த வழியே பின்னால் போக வேண்டும். சாயங்காலம் ஆட்களோடு இறங்கி வரும்போது எதிரே ஒரு லாரி வளைவில் திரும்பிவிட்டால், இவர்தான் ரிவர்ஸ் எடுத்து மேட்டில் ஏற வேண்டும், அதுவும் மூடுபனியில். பக்கவாட்டு மிரரில் பள்ளத்து ஓரம் தெரியும். வண்டிக்கு நேர் பின்னால் ஒரு பைக் நிற்கிறதா என்று பார்க்க அந்த 26 அங்குலத்தை விட்டால் வேறு வழி இல்லை. கிளீனரை இறக்கி "வா, வா" சொல்லச் சொல்வது பழைய முறை. இப்போது கிளீனர் எங்கே இருக்கிறான்?

காரில் கறுப்புப் படம் ஒட்டக் கூடாது என்று 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். முன் கண்ணாடி, பின் கண்ணாடி வழியாக 70 சதவீத வெளிச்சமாவது போக வேண்டும், பக்கக் கண்ணாடிக்கு 50 என்பது விதி. ஆட்டோ, ஜீப்புகளின் மஞ்சள் பிடித்த பிளாஸ்டிக்கை எவரும் கருவி வைத்து அளந்து நான் பார்த்ததில்லை. அளந்தால் தேனி மாவட்டத்தில் பாதி வண்டி வீட்டில் நிற்கும். எங்களுடையதுதான் முதலில் நிற்கும்.

சரி, மாற்றிவிடலாம் என்று வண்டி சீட்டும் டாப்பும் தைக்கிற ஒரு குஷன் கடைக்குப் போனார். ஊர் பேரும் வேண்டாம், கடை பேரும் வேண்டாம். கண்ணாடி மட்டும் மாற்ற மாட்டோம், பழைய துணியில் ஊசி இறங்கினால் கிழியும், டாப் முழுசாகப் புதுசு போடுங்கள், 9,500 ரூபாய் என்றார்கள். எங்கள் டாப் துணி போட்டு மூன்று வருடம்தான் ஆகிறது. நான் தையற்காரி. துணி தாங்குமா தாங்காதா என்று விரலால் கசக்கிப் பார்த்தாலே எனக்குத் தெரியும். ஒரு சட்டையில் காலர் நைந்தால் காலரைத் திருப்பிப் போட்டுத் தருகிறவள் நான், முழுச் சட்டையையும் எறி என்று எந்த வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு ராத்திரியே சொல்லிவிட்டேன், நானே போடுகிறேன் என்று. "இது ஜாக்கெட்டு இல்ல" என்றார். இல்லைதான்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, இது ஏன் இப்படி ஆனது என்று. மதுரையில் கெமிஸ்ட்ரி படிக்கிற மகளிடம் போனில் கேட்டேன். அவள் சொன்னது எனக்குப் புரிந்த அளவில்: நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் எந்தப் பிளாஸ்டிக்கோ அதே பிவிசிதான் இதுவும். வெறும் பிவிசி விறைப்பானது, மடக்கினால் ஒடியும். 1926இல் அமெரிக்காவில் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமான் என்கிறவர், அதோடு எண்ணெய் மாதிரி ஒரு திரவத்தைச் சேர்த்தால் துணிபோலக் குழையும் என்று கண்டுபிடித்தாராம். அந்த எண்ணெய்ப் பசை இருக்கிற வரைக்கும் கண்ணாடி சுருளும். வெயிலில் நின்று நின்று அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும், பிறகு விறைக்கும், காலைக் குளிரில் சுருட்டினால் கீறல் விடும். மஞ்சள் நிறம் வேறு கதை. வெயில் பட்டு பிவிசிக்குள்ளேயே குளோரின் கழன்றுபோவதால் வருவது. அது மேலே படிந்த அழுக்கு இல்லை, உள்ளுக்குள் ஊறிய நிறம். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தின்னர் என்ன செய்கிறது என்றால் அந்த எண்ணெயையும் உருவி, மேல்பரப்பையும் கரைத்துவிடுகிறது. பெட்ரோல், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாலும் எண்ணெயை உருவி விறைக்க வைக்கும். அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணீரும் இதற்கு ஆகாது.

இதையெல்லாம் கேட்ட பிறகு நானாகக் கண்டுபிடித்த ஒரு சோதனை உண்டு. தங்கள் குறிப்புப் பகுதியில் இதைத்தான் முதலில் போட வேண்டும். மங்கின கண்ணாடி மேல் ஒரு கை தண்ணீரை அள்ளித் தெளியுங்கள். நனைந்த இடம் தெளிவாகத் தெரிந்தால், கோளாறு மேல்கீறலில் மட்டும் இருக்கிறது. தண்ணீர் அந்தக் கீறல்களுக்குள் போய் நிரப்பிவிடுவதால் தெளிகிறது. அதைத் தேய்த்துச் சரிசெய்யலாம். நனைந்தும் மஞ்சளாகவோ பால் போலவோ இருந்தால், கோளாறு உள்ளே. அதோடு மல்லுக்கட்டாதீர்கள், மாற்றத்தான் வேண்டும். ஒரு ஓரத்தை மெதுவாக வளைத்தும் பாருங்கள். அப்பளம் மாதிரி நொறுநொறுவென்று சத்தம் கேட்டால் அன்றோடு அதன் கதை முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தின்னர் பட்டதும் கண்ணாடி பளிச்சென்று ஆனதற்கும் இந்த ஈரம்தான் காரணம். தண்ணீரைத் தெளித்திருந்தால் காசு செலவில்லாமல் அதே பளிச்சைப் பார்த்திருப்போம்.

தேய்த்துச் சரியாகிற கேஸையும் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பியின் ஆட்டோ. அதன் கண்ணாடி தண்ணீர் பட்டதும் தெளிந்தது. பின்னால் மடித்த போர்வையை அண்டக் கொடுத்து, 1500 நம்பர் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கிற உப்புத்தாள்) சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் குறுக்காக, பிறகு 2000 நம்பரில் நெடுக்காக, அப்புறம் பெயின்ட் கடையில் விற்கிற ரப்பிங் காம்பவுண்ட் என்ற மெருகுப் பசையை ஈரத்துணியில் தொட்டு மெதுவாக. அழுத்தித் தேய்த்தால் சூடேறிப் பிசுபிசுக்கும். ஒரு மணி நேர வேலை. முதல் பேப்பர் போட்டதும் இன்னும் மோசமாக மங்கும், தம்பி முகம் தொங்கிவிட்டது, பயப்படாதே என்று சொல்லித் தேய்த்தேன். பற்பசையும் கிட்டத்தட்ட இந்த வேலையைத்தான் செய்யும், அதில் இருப்பது நைசான சுண்ணாம்புப் பொடிதானே. லேசான மூட்டத்துக்குச் சரி. கீறலுக்குப் போதாது. ஆக, தங்கள் குறிப்பில் பற்பசை பாதி உண்மை. தின்னர் முழுப் பொய்.

எங்கள் வண்டிக்கு வருகிறேன். மேசை விரிப்புக்கு விற்கிற கண்ணாடி ஷீட்டைத்தான் முதலில் எடுக்கப் பார்த்தேன், மீட்டர் விலை மலிவு. நிழலில் மேசைமேல் கிடக்கத் தயாரித்தது அது, வெயிலில் வைத்தால் சீக்கிரம் மஞ்சளாகும் என்று கடைக்காரரே தடுத்தார். வெயில் தாங்குகிற ரகம், அரை மில்லிமீட்டர் கனம், ஒரு மீட்டர் வாங்கினேன். முக்கால் மில்லியும் இருந்தது. அது இன்னும் தெளிவாக, அலையில்லாமல் இருக்கும், ஆனால் என் வீட்டு மிஷின் அதைப் படுதாவோடு சேர்த்துக் குத்தாது. ஷீட், நூல், ரெக்சின் பட்டி, 18 நம்பர் ஊசி நாலு, எல்லாம் சேர்த்து 640 ரூபாய். ஊசியில் இரண்டு ஒடிந்தது.

நூல் பாலியெஸ்டர்தான். பருத்தி நூல் நனைந்தால் ஊதி ஓட்டையை அடைக்கும், மழைத்தண்ணீர் உள்ளே வராது என்று சிலர் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் எங்கள் மலை மழையில் இரண்டு வருடத்தில் அது அழுகிவிடும்.

எனக்கு இந்த வேலையில் புத்தி சொன்னவர் லாரிப் படுதா தைக்கிற ஒரு பெரியவர். நான் செய்ய இருந்தது, ஜாக்கெட்டில் பழைய கையை வெட்டிவிட்டுப் புதுக் கையை வைப்போமே, அப்படி. பழைய கண்ணாடியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டையில் புதுசை வைத்துத் தைக்கலாம் என்று. கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "தாயி, வெட்டின உடனே அந்தத் துணி நாலு பக்கமும் இழுத்துக்கும். சதுரமா இருந்த ஓட்ட, கோணவாய் ஆயிரும். பொறகு எதத் தச்சாலும் சுருக்கம்தான். பழசு இருக்கும்போதே அது மேல புதுசப் போட்டுத் தச்சுரு. அப்புறமா பழச வெட்டு." இந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு ஒரு டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன். 9,500 ரூபாய் மிச்சப்படுத்திய வார்த்தை அது.

அதன்படியே செய்தேன். பின் திரையை மட்டும் கழற்றி, நன்றாகக் கழுவிக் காயப்போட்டு, உள்பக்கம் மேலே தெரியும்படி தரையில் விரித்தேன். கடையில் சுருட்டிக் கொடுத்த ஷீட்டைக் காலை பத்து மணி வெயிலில் மாடியில் போர்வை விரித்து அரை மணி நேரம் போட்டால் சுருள் எல்லாம் படிந்துவிடும். படிந்ததும் நிழலுக்குக் கொண்டுவந்து ஆறவிட வேண்டும். சூட்டோடு இழுத்துப் பிடித்துத் தைத்தால், போடிமெட்டுக் குளிரில் அது சுருங்கித் தையலைப் பிய்க்கும். நாலு பக்கமும் ஒன்றரை அங்குலம் கூடுதலாக விட்டு, 29க்கு 16 என்று வெட்டினேன். மூலைகளைக் கூராக விடவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வரைந்து உருட்டினேன். கூர்மூலையில்தான் முதல் கிழிசல் விழும். பாவாடை சைடு கட் வைக்கிறவர்களுக்கு இது சொல்லியா தெரிய வேண்டும்?

இரண்டு ஷீட்டுக்கும் நடுவில் பழைய தினசரிக் காலண்டர் அட்டையை நறுக்கி வைத்தேன், பின்னால் பழசை வெட்டும்போது பிளேடு புதுசில் படாமல் இருக்க. இது என் சொந்த மூளை. குண்டூசி குத்தவே கூடாது. துணியில் குண்டூசி ஓட்டை மூடிக்கொள்ளும், இதில் குத்தின ஓட்டை குத்தினதுதான். கொடியில் துணி காயப்போடுகிற கிளிப்புகள் 30 எடுத்து ஓரம் முழுக்கக் கவ்வவிட்டேன். திரை முள்ளம்பன்றி மாதிரி இருந்தது.

மிஷின், அம்மா சீதனமாகக் கொடுத்த கறுப்புக் கால்மிஷின். தையல் நீளத்தைக் கடைசி வரைக்கும் தள்ளி 4 மில்லிமீட்டரில் வைத்தேன். ஜாக்கெட் பழக்கத்தில் பொடித்தையல் போட்டால், தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை வரிசை விழுந்து, ஒரு நாள் அந்த வரிசையிலேயே கிழிந்து கையில் வரும். ஓட்டிய முதல் இரண்டு அங்குலத்திலேயே ஒரு தொல்லை. துணியை அமுக்குகிற புட் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது, ஊசி ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருக்கிறது. நடுவில் காகிதம் வைத்து ஓட்டினால் வழுக்கும், தைத்தபிறகு கிழித்து எடுத்துவிடலாம் என்பது ரெக்சின் தைக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். கைக்கு எட்டின காகிதம் தங்கள் நாளிதழ்தான். நீளநீளமாகக் கிழித்து வைத்துத் தைத்தேன். அருமையாக ஓடியது. அதன் விளைவைக் கடைசியில் சொல்கிறேன்.

கால் மிதித்து ஓட்டினது நேர்க்கோட்டில் மட்டும். படுதா இரண்டு மடிப்பாக இருக்கிற இடங்களில் காலை எடுத்துவிட்டு வீலைக் கையால் சுற்றினேன், ஒவ்வொரு குத்தாக. வலது கையால் சுற்றி, இடது கையால் 16 அங்குலப் பிளாஸ்டிக்கை மிஷின் கழுத்துக்குள் சுருட்டிப் பிடித்து. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. முதல் சுற்று, பழைய தையலுக்கு வெளியே தள்ளி, பழைய ஷீட்டின் ஓரமே படாத இடத்தில். அது முடிந்ததும் திரையை வெளிப்பக்கம் மேலாகத் திருப்பி, பழைய தையலை பிளேடால் ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்து, பழைய கண்ணாடியை நாலு துண்டாக வெட்டி, காலண்டர் அட்டையோடு அந்த ஓட்டை வழியாகவே உருவினேன். உருவினதும் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் முகம் தெரிந்தது. மீசையில் நரை வரைக்கும் தெளிவாக. பெரியவர் சொன்னபடி ஒரு சுருக்கம் இல்லை.

இரண்டாம் சுற்று ஓட்டை ஓரத்தில், பழைய ஊசித்துளைகளை மறைக்க ரெக்சின் பட்டி வைத்து. நாலு மூலையிலும் மிஷின் கையை விரித்துவிட்டது. அங்கே செருப்புத் தைக்கிற குத்தூசியால் துளை போட்டு, ஏலக்காய் மூட்டை தைக்கிற கோணி ஊசியால் கைத்தையல். எங்கள் ஊரில் கோணி ஊசிக்குப் பஞ்சமில்லை. ஒரு மூலைக்கு முக்கால் மணி நேரம் ஆனது, விரல் நுனி இரண்டு நாள் எரிந்தது. கடைசியில் தேன்மெழுகுக் கட்டியைத் தையல்மேல் அழுத்தித் தேய்த்து, வெயிலில் காட்டினால் இளகி ஓட்டைக்குள் இறங்கிக்கொள்ளும். மாட்டிய பிறகு நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். இடது பக்கக் கீழ்மூலையில் சொட்டியது. மறுபடி மெழுகு. இப்போது இல்லை.

போடிமெட்டுக் காற்றில் மூன்று வாரம் ஓடிவிட்டது. அவருக்கு நான் போட்டிருக்கிற சட்டம் இரண்டே இரண்டு. தூசியோடு காய்ந்த துணியால் துடைக்கக் கூடாது, முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டுத்தான் துணி. திரையைச் சுருட்டும்போது நடுவில் பழைய பருத்திச் சேலையை விரித்துச் சேர்த்துச் சுருட்ட வேண்டும், அதுவும் காலைக் குளிரில் சுருட்டவே கூடாது, வெயில் ஏறின பிறகுதான். முதல் சட்டத்தை மதிக்கிறார். இரண்டாவதற்குச் சேலையை மடித்து சீட்டுக்கு அடியில் போட்டு, மேலே உட்கார்ந்துகொள்கிறார்.

சின்னக் கீறல் மட்டும் விட்ட கண்ணாடிகளும் இப்போது என்னிடம் வருகின்றன. கீறல் முடிகிற நுனியில் பெல்ட்டுக்கு ஓட்டை போடுகிற பஞ்ச் கருவியால் ஒரு சின்ன வட்டத் துளை போட்டுவிட்டால் கீறல் மேலே ஓடாது, பிறகு இரு பக்கமும் துண்டு வைத்துத் தைக்கலாம். உடனடிப் பசை ஊற்றிக்கொண்டு வருகிறார்கள் சிலர். அது வெள்ளையாகப் பூத்துப்போய், பக்கத்தையும் விறைக்க வைத்து, ஒரு கீறலை மூன்றாக்கியிருக்கிறது. நான் கூலியாக 500 வாங்குகிறேன். குஷன் கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

தங்களிடம் கேட்பது இதுதான். அந்தக் குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், தின்னர் என்ற சொல்லை எடுத்துவிட்டுத் திருத்தம் போடுங்கள். தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள். தைக்கிற விஷயத்துக்கு இடம் இல்லையென்றால், வெட்டுவதற்கு முன் தைக்க வேண்டும் என்பதையாவது போடுங்கள்.

இன்னொன்று. செய்தித்தாள் மை பிவிசியில் ஏறிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. முதல் சுற்றுத் தைத்துவிட்டு, காகிதத்தைக் கிழிக்காமல் அப்படியே ஒரு ராத்திரி விட்டுவிட்டேன். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தும் போகவில்லை. வேறு யாராவது இதைச் செய்வதாக இருந்தால் வெள்ளைக் காகிதமோ பட்டர் பேப்பரோ வைக்கவும். எங்கள் ஜீப்பின் பின் கண்ணாடியில், கீழ் ஓரத்தில், தங்கள் ராசிபலன் பகுதித் தலைப்பு ஒன்று கண்ணாடி எழுத்தாகத் திரும்பிப் பதிந்திருக்கிறது. உள்பக்கம் பதிந்ததால் நேரில் பார்த்தால் படிக்க வராது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னால் இருக்கிற பார்வைக் கண்ணாடியில் பார்த்தால் "மகரம்" என்று நேராகவே தெரிகிறதாம். அவர் கன்னி ராசி.

இப்படிக்கு,
தங்கள் ஞாயிறு வாசகி,
ஒரு தையற்காரி,
போடிநாயக்கனூர்.